புரட்டாசியில் ஒரு மலைப்பாம்புக் குட்டி

பாம்பை வாங்கி வந்த அன்று அதன் எடை தொண்ணூற்றாறு கிராம். சமையலறைத் தராசை என் மனைவி தரமாட்டாள் என்று தெரிந்து, மகன் பாம்போடு சேர்த்துப் புதிய தராசு ஒன்றையும் வாங்கி வந்திருந்தான். மூடி போட்ட டப்பாவில் அதை வைத்து நிறுத்தான். டப்பாவின் எடையைக் கழித்தான். பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றின் முதல் பக்கத்தில் தேதியையும் எடையையும் எழுதினான். அவன் எதையாவது எழுதி வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பந்து மலைப்பாம்பு ஆப்பிரிக்க இனம். இது பண்ணையில் பொரித்து இரண்டு மாதமே ஆன குட்டி. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், கட்டைவிரல் பருமன். கறுப்பு உடம்பில் தேன் நிறத் திட்டுகள். விஷம் கிடையாது. பயந்தால் ஓடாது, கடிக்கவும் வராது. தலையை நடுவில் வைத்து உடம்பைச் சுற்றிச் சுற்றி ஒரு பந்தாகிவிடும். அடுத்த இரண்டு மாதங்களில் நான் அதிகம் பார்த்தது அந்தப் பந்தைத்தான்.

நாங்கள் இருப்பது பாடாங் செராயில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தாமான் குடியிருப்பில், மாடி இல்லாத வரிசை வீட்டில். நான் முப்பது ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டார நிருபராக இருந்தவன். தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டுக் கூட்டம், வெள்ளம், சாலை விபத்து. ஓர் எண் தவறினாலும் மறுநாள் ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர் மகனைப் பற்றி விசாரித்தார். "நாலு வருசத்துல அஞ்சு வேலை. ஆக நீளமா இருந்தது ஏழு மாசம்" என்றேன். எண்ணிக்கை சரிதான். அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்து என்னிடம் சொல்ல வேண்டியதை அவன் அம்மாவிடம் சொன்னான். அவள் என்னிடம் சொன்னாள்.

பாம்பு வாங்குவதற்கு முன் மூன்று மாதம் படித்தான். அனுமதித் தாளுக்கு விண்ணப்பித்து வாங்கினான். அகலமான பிளாஸ்டிக் பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டான், அடியில் சூடு தரும் விரிப்பை வைத்தான். வளர்ந்த பிறகு ஜோடி சேர்த்துக் குட்டிகளை விற்கலாம் என்பது அவன் கணக்கு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவன் ஒன்றை இவ்வளவு தூரம் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. தங்குமிடம் கொடுப்பார்கள், விலங்குகளுக்கு அனுமதி இல்லை. அம்மாவுக்குப் பாம்பென்றால் உடம்பு கூசும். அவன் என் அறைக்கு வந்து கதவு நிலையில் நின்றான்.

"அப்பா, தீபாவளிக்கு வருவேன். அது வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்."

"என்ன செய்யணும்?"

"சாப்பிட வைக்கணும். குட்டியா இருக்கறப்ப புது இடத்துல சாப்பிடப் பழகிட்டா அப்புறம் பயமில்ல. பழகலன்னா கஷ்டம்." பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். "உங்களால முடியும்லா?"

இரண்டு ஆண்டுகளில் அவன் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. முடியும் என்றேன்.

நோட்டின் இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் எல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போனான். பெட்டியின் ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறு பக்கம் இருபத்தேழு. ஒளிந்துகொள்ள உடம்பு உரசும் அளவுக்குச் சிறிய மறைவிடம். தண்ணீர்க் கிண்ணம் தினமும். முதல் வாரம் சாப்பாடு கொடுக்கக் கூடாது. எட்டாம் நாள், பொழுது சாயும் நேரம், உறைந்த எலிக்குஞ்சு ஒன்றைச் சுடுநீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து மூக்கருகே காட்ட வேண்டும். எடுக்காவிட்டால் ஒரு வாரம் விட்டு மறுபடியும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு முறை கோடு போட்டிருந்தான்: பாம்பைத் தொடக் கூடாது.

நான் தொடவில்லை. முதல் வாரம் தினமும் இரண்டு வேளை வெப்பமானியைப் பார்த்து எழுதினேன். மனைவி பாம்பைப் பார்க்காமலே பெட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டித் தந்தாள். இருட்டாக இருந்தால் அதற்குத் தைரியம் வரும் என்று மகன் சொல்லியிருந்தானாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அந்த அறைக் கதவோடு நிறுத்திக்கொண்டாள். அதையும் நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

சிக்கல் எட்டாம் நாளில் வந்தது. ஏழாம் நாள் புரட்டாசி பிறந்தது.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் எப்போதும் சைவம்தான். இந்த ஆண்டு மனைவி ஒரு படி மேலே போயிருந்தாள். மகன் ஜொகூருக்குப் பேருந்து ஏறிய மாலை அவள் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள்: இந்த வேலையில் அவன் நிலைக்க வேண்டும், அதற்காக மாதம் முழுவதும் கவிச்சி எதுவும் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வராது. மாதப் பிறப்புக்கு முதல் நாள் குளிர்பெட்டியைக் காலி செய்து மஞ்சள் தண்ணீரில் துடைத்தாள். உறைபெட்டியின் அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். எட்டு எலிக்குஞ்சுகள், வரிசையாக, பிளாஸ்டிக் உறையில்.

"இதை எடுத்துடுங்க."

"பாம்புக்குத்தானே? நாமளா சாப்பிடப் போறோம்?"

"வேண்டுதல் வீட்டுக்கு. வீட்டுல எது சாப்பிட்டாலும் ஒன்னுதான்."

"சரி, போர்ச்சுல வச்சுக் குடுக்கறேன்."

"துளசி எங்க இருக்கு?"

துளசி போர்ச்சில்தான் இருந்தது.

"அப்ப ஒரு மாசம் அது பட்டினி கெடக்கட்டுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா? வெளிய கொண்டுபோய்க் குடுங்க." டின்னை மூடி என் கையில் வைத்தாள். "நீங்க பாக்கற பாம்பும் அவனுக்காகத்தான். நான் விரதம் இருக்கறதும் அவனுக்காகத்தான். ஒன்னை விட்டு ஒன்னைச் செய்யச் சொல்லாதீங்க."

அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. எலி வீட்டுக்குள் வரக் கூடாது என்றால் பாம்பு எலியிடம் போக வேண்டும். நோட்டை மறுபடி படித்தேன். தொடக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. பெட்டியைத் தூக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

மனைவியின் தம்பி பாடாங் மேஹா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். இன்னும் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீட்டில்தான் குடியிருப்பு. பின்கட்டில் தூண்டிலுக்கான இரையும் காட்டுப்பன்றிக் கறியும் வைக்க ஓர் உறைபெட்டி வைத்திருக்கிறார். புரட்டாசி அவருக்கு மற்ற மாதங்களைப் போலத்தான். பிஸ்கட் டின்னோடு போய் நின்றேன்.

"மச்சான், முப்பது வருசம் பேப்பர்ல எழுதி, கடைசியில எலிக்கு வீடு தேடி வந்துட்டீங்களா?"

"ஒரு மாசம்தான்."

"வைங்க, வைங்க. பன்னி பக்கத்துல மட்டும் வைக்காதீங்க. அப்புறம் எம்பொண்டாட்டி எதைக் கறி வச்சான்னு தெரியாம நான் சாப்பிட்டுருவேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அது வர்ற அன்னிக்கு நான் பக்கத்து வீட்டுலதான் இருப்பேன். போனதும் சொல்லி அனுப்புங்க."

வீட்டிலிருந்து அங்கே இருபத்தைந்து நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை, லாரிகள் போய்ப் போய்ப் பள்ளம் விழுந்தது. எட்டாம் நாள் மாலை பெட்டியைக் காடியின் முன் இருக்கையில் வைத்து, இருக்கை வாரைப் போட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். பின்கட்டுச் சாமான் அறையில் வைத்து மூடியைத் திறந்தபோது அது மறைவிடத்துக்குள் பந்தாக இருந்தது. எலிக்குஞ்சை இளக்கி, இடுக்கியில் பிடித்து, மகன் சொன்ன தூரத்தில் காட்டினேன். பந்து இன்னும் இறுகியது. நாற்பது நிமிடம். எலி ஆறிவிட்டது. மறுபடி சூடாக்கினேன். இன்னும் இருபது நிமிடம்.

"கோவமா இருக்கா?" என்று மைத்துனர் எட்டிப் பார்த்தார்.

"பயம்."

"நம்ம அக்காகிட்ட ஒரு மாசம் இருந்தா யாருக்கும் வரும்."

மறைவிடத்தோடு சேர்த்துத் தூக்கி நிறுத்து, அதன் எடையைக் கழித்து, அன்று நோட்டில் எழுதினேன்: எடுக்கவில்லை. தொண்ணூற்று மூன்று கிராம். மகனுக்கும் அதையே அனுப்பினேன். "பரவால்லப்பா, முதல் தடவை அப்படித்தான்" என்று பதில் வந்தது. எனக்கு எழுதிய பதில். அதை மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

இரண்டாம் வாரமும் அப்படியே. எண்பத்தொன்பது கிராம். அந்த முறை, சுங்கை பட்டாணியில் பாம்பை விற்ற கடைக்காரருக்கு போன் செய்தேன். சீனர், மலாயில் பேசினார். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எலி எந்த அளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் எண்ணோடு பதில் சொன்னேன். இருக்கும் அறை அமைதியாக இருக்கிறதா என்று கேட்டார். அமைதி என்றேன். அறையில் உண்மையிலேயே சத்தம் கிடையாது. "ஜங்கான் காச்சாவ் லா, அங்கிள்" என்றார். தொந்தரவு செய்யாதீர்கள், அவ்வளவுதான், பசி வந்தால் சாப்பிடும். நான் அதைத் தொந்தரவு செய்யவில்லை என்றேன். பெட்டியை எங்காவது எடுத்துப் போகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டால் உண்மை வெளியே வரும் என்று பிறரிடம் தேடியே பிழைத்தவன் நான். என்னை நானே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாமான் அறையின் தகரக் கூரை மேல் மழை கொட்டியது, பேச்சே கேட்காது. மூடியைத் திறந்து, விளக்கை அணைத்து, கதவிடுக்கிலிருந்து வந்த வெளிச்சத்தில் இடுக்கியை நீட்டினேன். ஐந்து நிமிடம் கழித்து மறைவிடத்தின் வாயில் மூக்கு தெரிந்தது. நாக்கு வெளியே வந்து போனது. மறுபடி வந்தது. கழுத்து வளைந்து பின்னுக்குப் போய் நின்றது. அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. இடுக்கியில் இழுப்பு தெரிந்தது. பார்த்தபோது எலிக்குஞ்சை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. ஏழு பன்னிரண்டு. முழுவதும் விழுங்கி முடித்தபோது மணி ஏழு முப்பத்தொன்று. நான் அசையவில்லை. கால் மரத்துப் போயிருந்தது.

வெளியே வந்து மைத்துனரிடம் கட்டைவிரலைக் காட்டினேன். மழைக்குள் அவர் கத்தினார்: "மச்சான், தலைப்புச் செய்தி லா!"

அங்கே நின்றே மகனுக்கு அனுப்பினேன்: சாப்பிட்டது. ஏழு பன்னிரண்டு. இரண்டு நிமிடத்தில் அவன் குரலைப் பதிந்து அனுப்பினான். பின்னால் யாரோ என்னவென்று கேட்பதும், "எங்க அப்பா, எம் பைத்தனைச் சாப்பிட வச்சிட்டாருடா" என்று இவன் சிரித்துக்கொண்டே சொல்வதும் அதில் இருந்தன. மழைச் சத்தத்தில் காதோடு வைத்து மூன்று தடவை கேட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் தவறு. சாப்பிட்ட பாம்பை இரண்டு நாள் அசைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நோட்டில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் சூடு விரிப்பைச் செருக அந்த அறையில் பிளக் பாயிண்ட் இல்லை. இருபத்துநான்கு டிகிரி, மழை நிற்கும் அறிகுறி இல்லை. குளிரில் எலி வயிற்றிலேயே கெட்டுப்போகும். மின் தொடர்கம்பி ஒன்றைச் சமையலறையிலிருந்து இழுத்திருக்கலாம். மைத்துனரின் மனைவியை இன்னும் இரண்டு நாள் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொன்னால், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்ட வேண்டும் என்றும் இருந்தது.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். செம்மண் பாதையில் பள்ளங்கள் தண்ணீருக்குள் மறைந்திருந்தன. இரண்டு இடத்தில் காடி பலமாக இறங்கி ஏறியது. பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே ஓட்டினேன்.

மனைவி கேட்டருகே குடையோடு நின்றாள்.

"சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தாள். "அப்ப உள்ள..."

"உள்ள இருக்கு."

மழையில் நின்று யோசித்தாள். "அது வயித்துக்குள்ள போனது அதோட பாடு. வாங்க" என்று கேட்டைத் திறந்தாள்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு அறைக்குள் போனபோதே நாற்றம் அடித்தது. எலிக்குஞ்சு தாளின் மேல் கிடந்தது, முழுதாக, ரோமம் ஈரமாக ஒட்டி, ஒரு பக்கம் வெளுத்து. பாம்பு மறு மூலையில், மறைவிடத்துக்கு வெளியே, நீளமாகக் கிடந்தது. அது அப்படிப் பந்தாகாமல் கிடந்து நான் பார்த்தது அன்றுதான். கையுறை போட்டு எலியைத் தாளோடு சுருட்டி வெளியே கொண்டுபோய், தாமானுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் குழி தோண்டிப் போட்டேன். திரும்பி வந்தபோது மனைவி வாளியும் துணியுமாக அறை வாசலில் இருந்தாள். மஞ்சள் தண்ணீரை வாசலிலிருந்து கேட் வரை தெளித்தாள். அன்று விளக்கு ஏற்றவில்லை. வேண்டுதல் முறிந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை.

மதியம்தான் பேசினாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க. சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவான். வேலைக்குச் சேந்து ஒரு மாசம் கூட ஆகல, லீவு குடுப்பாங்களா? வேலைய விட்டுட்டுத்தான் வருவான்."

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் சொல்லாமல் இருந்ததற்கு அது முழுக் காரணம் இல்லை. அந்தக் குரல் பதிவு என் போனில் இருந்தது. அதற்கு மறுப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. நோட்டில் மட்டும் எழுதினேன்: காலை 6.40. முழு எலியும் வெளியே. 85 கிராம்.

மகன் அன்று மாலை கேட்டான்: நல்லா இருக்கா? இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். அது உயிரோடு இருந்தது. அந்த வகையில் அது பொய் இல்லை என்று என்னையே ஒரு துணையாசிரியரைப் போலச் சமாளித்துக்கொண்டேன்.

மறுநாள் சுங்கை பட்டாணியில் ஒரு விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனேன். இளம் மலாய்ப் பெண். காத்திருந்த மற்ற எல்லோர் மடியிலும் பூனைகள். நடந்ததை முதலிலிருந்து கேட்டார். நான் வாரம் வாரம் பாடாங் மேஹா போய் வந்ததைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினார். புது இடத்துக்கு வந்த குட்டிக்கு வாரத்துக்கு ஒரு புது இடம் காட்டியிருக்கிறீர்கள் என்றார், கோபமில்லாமல். வாந்தி எடுத்தால் வயிற்றுச் சாறும் சேர்ந்து போய்விடுகிறது. குறைந்தது இரண்டு வாரம் எதுவும் கொடுக்கக் கூடாது. பிறகு இதில் பாதி அளவு எலி. அது வரை பெட்டி அசையக் கூடாது.

"இப்போது இங்கே கொண்டுவந்தது?" என்று கேட்டேன்.

அதுவும்தான் என்றார்.

இரண்டு வாரம் வீட்டில் யாரும் அந்த அறைக்குள் சத்தமாக நடக்கவில்லை. புரட்டாசி முடிந்தது. மனைவி நான்காவது சனிக்கிழமையும் மாவிளக்கு ஏற்றி, வடை மாலை சாத்தி, வந்தவர்களுக்கு இலை போட்டு அனுப்பினாள். ஐப்பசி பிறந்த மறுநாள் அவளே மைத்துனர் வீட்டுக்குப் போய் டின்னை வாங்கி வந்து உறைபெட்டியில் வைத்தாள். இப்போது எலி உள்ளே வரலாம். ஆக இளசாக இருந்ததை இளக்கிக் காட்டினேன், பெட்டி இருந்த இடத்திலேயே, இருட்டில், அமைதியில். எடுக்கவில்லை. ஐந்து நாள் விட்டு மறுபடி. எடுக்கவில்லை. முதுகெலும்பு மேலே ஒரு கோடாகத் தெரியத் தொடங்கியது. எழுபத்தாறு கிராம்.

மகன் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் வந்தான். வீடு முழுக்க முறுக்கு எண்ணெய் வாசனை. பையை வைத்ததும் அறைக்குள் போனான். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தராசை எடுத்தான். எழுபத்துமூன்று. பிறகு கையை நீட்டினான். நோட்டைக் கொடுத்தேன்.

நின்றுகொண்டே படித்தான். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஆறு நாப்பது. நான் வாய்ஸ் அனுப்புன மறுநாளா?"

"ஆமா."

"கேட்டீங்களா அந்த வாய்ஸ்?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு, மறுநாள் இதைப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு போட்டீங்க."

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "நாந்தான்பா சொல்ல வேணாம்னேன். நீ வேலைய விட்டுட்டு வந்துடுவேன்னு."

"உங்க மேல எனக்குக் கோவம் ஒன்னும் இல்லம்மா. நீங்க அப்படித்தான் நெனப்பீங்க." நோட்டை மூடினான். "இவரு எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காரு பாருங்க. நிமிசத்தோட. எனக்கு மட்டும் எழுதல."

அவன் சொன்னதில் திருத்த ஒரு சொல் கூட இல்லை.

மறுநாள் அவனே முயன்றான். என்னைப் போகச் சொல்லவில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்தேன். அவன் கை என் கையை விட நிதானமானது. எலியின் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கினான். அந்தச் சூட்டைத்தான் அது பார்க்கும் என்றான், எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில். பாம்பு மெதுவாக வெளியே வந்தது. நாக்கை நீட்டி எலியின் மூக்கைத் தொட்டது. தலையை எலியின் பக்கவாட்டில் சாய்த்து அப்படியே வைத்திருந்தது. பிறகு அது தலையைத் திருப்பி, வந்த வழியே மறைவிடத்துக்குள் போய்விட்டது. அவன் இடுக்கியை உடனே எடுக்கவில்லை. அரை மணி நேரம் அப்படியே பிடித்திருந்தான்.

"மருத்துவர் குழாய் வழியா குடுக்கலாம்னாங்க" என்றேன்.

"குடுக்கலாம். இந்த எடைக்கு அதுவே கொன்னாலும் கொன்னுடும்." இடுக்கியைக் கழுவப் போனான்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தான், ஆட்டுக்கறியோடு பசியாறினான், மைத்துனர் வந்தபோது சிரித்துப் பேசினான். பாம்பைப் பற்றி மைத்துனர் கேட்டதற்கு "அது பாட்டுக்கு இருக்கு மாமா" என்றான். மூன்றாம் நாள் கிளம்பினான். பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டபோது காடிக்குள் தலையை நீட்டிச் சொன்னான்:

"செத்தா சொல்லுங்க. அன்னிக்கே சொல்லுங்க."

அதையும் கூட்டிக்கொண்டு போக முடியாதா என்று கேட்க நினைத்தேன். முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகு பாம்பு ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. தண்ணீர் மாற்றினேன், வெப்பமானியைப் பார்த்தேன். எலியைக் காட்டவில்லை. தினமும் மாலையில் அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: இருக்கிறது, அசைகிறது, இன்று அசையவில்லை. இரண்டு நீலக் கோடுகள் விழும். பதில் வராது. மனைவி ஒரு நாள் அறை வாசல் வரை வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா?" என்றாள்.

பத்தாம் நாள் காலை ஆறு ஐம்பதுக்குப் பார்த்தபோது தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தலையை வைத்துக் கிடந்தது. விரலால் தொட்டேன். பிறகு கூடத்துக்கு வந்து மகனுக்கு போன் செய்தேன். அவனுக்குக் காலை ஷிப்ட், வேலை நேரம். எடுக்கமாட்டான் என்று நினைத்தேன், எடுத்தான். பின்னால் இயந்திரச் சத்தம்.

"போயிடுச்சுப்பா" என்றேன்.

அவன் எப்போது என்று கேட்பான், எடை கேட்பான் என்று நோட்டைக் கையில் வைத்திருந்தேன்.

"சரி."

"பெட்டியிலதான் இருக்கு. என்ன செய்யணும்னு உன்னைக் கேக்கலாம்னு..."

"நான் இங்க இருந்து என்னப்பா சொல்றது? உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "லைன்ல ஆள் நிக்கிறாங்க. வைக்கிறேன்."

மனைவி சமையலறை வாசலுக்கு வந்திருந்தாள். "வேலையில இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கான்."

"என்ன சொன்னான்?"

"ஒன்னும் கேக்கல" என்றேன்.